முதலாளியம்மாவின் விடுமுறை

ஜூன் 4

முதலாளிக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சிப் பேச வேறு ஒன்றும் இல்லை.

போன் செய்யமாட்டேன் என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன். செய்தாலும் என்ன ஆகும்? பின்னால் ஓடும் மெஷின் சத்தத்தில் நீங்கள் "என்ன, என்ன" என்பீர்கள், நான் கத்துவேன், இங்கே வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் பயந்துபோவாள். நான் தங்கப்போகும் விடுதிகளின் முகவரி எல்லாம் பயண ஏஜெண்ட் தந்த தாளில் இருக்கிறது. சொல்ல ஏதாவது இருந்தால் எழுதி அனுப்புங்கள். கூரியர் நாலைந்து நாளில் வந்துவிடுமாம்.

நம் மகள் ஒரு மாத வெளிநாட்டுப் பயணத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்துத் தந்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து லாண்டரியைப் பூட்டிவிட்டு நாம் எங்கேயும் போனதில்லை என்பது அவளுக்குத்தான் உறைத்தது. டாக்சியில் இரண்டு பெட்டியும் ஏறியாயிற்று. அப்போது பார்த்து லாண்டரியில் துணி உலர்த்தும் டிரையர் நின்றுபோனது என்று ஆள் ஓடி வந்தார். உங்கள் பெட்டியை மட்டும் இறக்கினீர்கள். "நீ போ, நான் ரெண்டு நாள்ல பின்னாடியே வந்துடறேன்" என்றீர்கள். மகளுடைய ஆசை வீணாகக் கூடாதே என்று நான் ஏறி உட்கார்ந்தேன். வழி முழுக்க உங்களைத் திட்டிக்கொண்டேதான் வந்தேன்.

இன்னொன்றையும் எழுத்தில் வைத்துவிடுகிறேன். அந்த ஆஸ்பத்திரி மேலாளர் நீட்டிக்கொண்டிருக்கும் துணி வெளுக்கும் ஒப்பந்தத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டால், நான் மெஷின் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன். நேராக என் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். மூன்று வருஷத்துக்கு ஞாயிறும் கிடையாது, லீவும் கிடையாது, ரத்தக்கறையும் மருந்துக்கறையும்தான். பிளீச்சில் என் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து கிடக்கிறது. உங்கள் முதுகைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, நாற்காலியிலிருந்து எழும்போது அதுவே சொல்கிறது. ஹோட்டல் துணியை மட்டும் வைத்துக்கொண்டு, மதியத்தோடு பூட்டிவிட்டு, நாமும் மனுஷராக இருக்கலாம் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.

ஊர் எப்படி என்று நீங்கள் கேட்கப்போவதில்லை, நானே சொல்கிறேன். பெயர் கேள்விப்படாத ஊர்களாகப் பாருங்கள் என்று ஏஜெண்டிடம் நான்தான் கேட்டேன். பெரிய ஊர், பெரிய ஹோட்டல் என்றால் விரிப்பைப் பார்த்ததுமே எந்தச் சூட்டில் வெளுத்திருப்பார்கள் என்று மனசு ஓட ஆரம்பித்துவிடும். இது குன்றின் மேல் ஒரு கோட்டை. மதில் அப்படியே இறங்கிப் போய்க் கடலில் கால் நனைக்கிறது. உள்ளே தெருக்கள் எல்லாம் ஒரு ஆள் அகலம், எதிரே யாராவது வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். வெயில் நன்றாக அடிக்கிறது. நான் இன்னும் கோட்டை மேல் ஏறவில்லை. வந்ததிலிருந்து தூங்குகிறேன்.

ஜூன் 9

முதலாளியம்மாவுக்கு,

கடிதம் வந்தது. நம் வேன் டிரைவர் வாங்கி வந்து, "அம்மா கோவமாத்தான் எழுதியிருப்பாங்க, கவரே சுடுது" என்றார். பிரித்துப் பார்த்தேன், மனுஷர் சொன்னது சரிதான்.

இரண்டு நாளில் வருகிறேன் என்று சொன்னது நிஜம். டிரையர் இன்னும் சரியாகவில்லை. ஏதோ பெல்ட் வெளியூரிலிருந்து வர வேண்டுமாம். மெக்கானிக் இதோ அதோ என்கிறார். இந்த நேரத்தில் ஹோட்டல்காரர்கள் எல்லாரும் சேர்ந்து திரைச்சீலையை வேறு கழற்றி அனுப்பியிருக்கிறார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஆஸ்பத்திரி மேலாளர் தினமும் வருகிறார். நம் நாற்காலியில் உட்கார்ந்து, நம் டீயைக் குடித்துவிட்டு, "உங்கள நாங்க நல்லா பாத்துக்குவோம் சார்" என்கிறார். நான் கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நீ அக்கா வீட்டை எல்லாம் இழுக்க வேண்டாம். கொஞ்சம் யோசித்துப் பார். மதியத்தோடு பூட்டிவிட்டு என்ன செய்யப்போகிறோம்? சும்மா உட்கார்ந்தால் துருப்பிடித்துப் போவோம். நமக்குத் தெரிந்தது இதுதான். தெரிந்த வேலை இருக்கும்வரை மரியாதை இருக்கும்.

சோப்புத்தூள் அறைச் சாவியைக் காணோம். எங்கே வைத்தாய்? தலையணை உறைக்கு நீ போடும் கஞ்சி எவ்வளவு என்றும் எழுது. ஒரு ஹோட்டலில் தலையணை அட்டை மாதிரி இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கடல் தண்ணீரில் துணி துவைத்துப் பார்க்காதே, நுரை வராது. இது நகைச்சுவை. வருவதைப் பற்றி, பார்க்கிறேன்.

ஜூன் 14

முதலாளிக்கு,

சாவி கதவுக்குப் பின்னால் ஆணியில், பழைய குடைக்குக் கீழே தொங்குகிறது. வருஷக்கணக்காக அங்கேதான் தொங்குகிறது. கஞ்சி, ஒரு வாளிக்கு ஒரு கரண்டி, அதுவும் தலை தட்டி. என் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால் சாவியைக் கேட்டீர்கள். ரொம்ப சந்தோஷம்.

இரண்டாவது ஊருக்கு வந்துவிட்டேன். இங்கே ஒரு காலத்தில் பெரிய துறைமுகம் இருந்திருக்கிறது. ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி, கடல் தள்ளிப் போய்விட்டது. கப்பல் கட்டிய இரும்பு வளையங்கள் இன்னும் சுவரில் இருக்கின்றன. அதற்குக் கீழே யாரோ தக்காளி போட்டிருக்கிறார்கள், ஒரு செடியை வளையத்திலேயே இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் உப்பளங்களுக்கு நடுவே வெயிலில் வெகுதூரம் நடக்க வேண்டும். நடந்தேன். கண் கூசி, தலை வலித்து, கடைசியில் கடல் வந்தபோது காலை நனைக்கக்கூடத் தோன்றவில்லை.

துறைமுகத்தின் பழைய சுங்க அலுவலகத்தை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். காவலாளி தூங்கிக்கொண்டிருந்தார். எனக்காக எழுந்து, நான் ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியாகப் போகப் போக விளக்கைப் போட்டார், நான் நகர்ந்ததும் அணைத்தார். நங்கூரம், என் தொடை அளவு கயிறு, சுங்க அதிகாரி உட்கார்ந்த நாற்காலி. நாற்காலியின் கை தேய்ந்து பள்ளமாகியிருந்தது. அந்த மனுஷருக்கும் வேலை ஓயவே இல்லை போலிருக்கிறது.

எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு அசதி போகமாட்டேன் என்கிறது. ஓய்வெடுக்கவும் உடம்பில் தெம்பு வேண்டும் என்று இப்போதுதான் தெரிகிறது. மற்ற சுற்றுலாக்காரர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டே போட்டோ எடுக்கிறார்கள். நான் பெஞ்சைக் கண்டால் உட்கார்ந்துவிடுகிறேன்.

ஒரு பெல்ட் வர இத்தனை நாளா? கப்பலில் வந்தாலும் வந்திருக்குமே.

ஜூன் 19

முதலாளியம்மாவுக்கு,

கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பார்க்காதே. வேலை தலைக்கு மேல் இருக்கிறது, அதனால் நான் சொல்லச் சொல்ல நம் டிரைவர் எழுதுகிறார். அவர் எழுத்து முத்து முத்தாக இருக்கும், உனக்கும் படிக்கச் சுலபம்.

சாவி கிடைத்தது. டிரையரும் சரியாகிவிட்டது. கஞ்சியும் பதமாக வருகிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? பார், கேட்டுவிட்டேன்.

கடல் தள்ளிப் போன ஊரைப் பற்றி எழுதியிருந்தாய். அந்தத் துறைமுக ஆட்கள் எல்லாம் அப்புறம் என்ன ஆனார்கள் என்று அங்கே யாராவது சொன்னார்களா? ஊரை விட்டுப் போனார்களா, தக்காளி போட ஆரம்பித்தார்களா? எனக்கு இரண்டு நாளாக அதே யோசனை.

மேலாளர் ஒப்பந்தத்தை மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இந்த வாரம் கையெழுத்துப் போடமாட்டேன். கொஞ்சம் வசதிக்குறைவு. வருவது இப்போதைக்கு நடக்காது. நீ நன்றாகச் சாப்பிடு.

அம்மா, இது டிரைவர் எழுதுவது. முதலாளி வாசலில் லோடு பார்க்கப் போயிருக்கிறார். வேலை அதிகம் என்பதெல்லாம் சும்மா. இஸ்திரி போடும் சூட்டு உருளையில் இந்தப் பக்கம் விரிப்பை உள்ளே விட ஒரு ஆள், அந்தப் பக்கம் வாங்க ஒரு ஆள் வேண்டும் இல்லையா. நீங்கள் நிற்கும் இடத்தில் வேறு ஆளை நிறுத்தமாட்டேன் என்று அவரே இரண்டு பக்கமும் ஓடினார். வலது கை மாட்டிக்கொண்டது. பயப்படாதீர்கள், விரல் எல்லாம் இருக்கிறது, தோல்தான் வெந்துவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கும் போவதில்லை, துணி மூட்டை மேலேயே படுத்துக்கொள்கிறார். நான் சொன்னேன் என்று காட்டிக்கொடுத்துவிடாதீர்கள். வருகிறார்.

வேறு விசேஷம் இல்லை.

ஜூன் 24

முதலாளிக்கு,

கை எப்படி இருக்கிறது? யார் சொன்னார்கள் என்று விசாரணை வைக்காதீர்கள், காக்கா வந்து சொன்னது. டிரைவரை ஒரு வார்த்தை சொன்னீர்கள் என்றால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

படித்ததும் பெட்டியைக் கட்டிவிட்டேன். பேருந்து நிறுத்தம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனேன். அங்கே நின்று யோசித்தேன். இப்போது ஓடி வந்தால் உங்கள் கை ஆறும் வரை நான் இரண்டு பக்கமும் ஓடுவேன். கை ஆறியதும் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள். அடுத்து என் கை மாட்டும். பெட்டியைத் திரும்ப இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். உங்களை அந்த நிலையில் விட்டுவிட்டு இங்கே வெயில் காய்வது எனக்குப் பெரிய பாரமாக இருக்கிறது. ஆனாலும் வரவில்லை.

இது மூன்றாவது ஊர். கூழாங்கல் கடற்கரை, பழைய கப்பல் கேப்டன்கள் கட்டிய வீடுகள். எல்லா வீட்டு மாடியிலும் கடலைப் பார்த்து ஒரு சின்ன ஜன்னல். அதில் ஒரு வீடுதான் விடுதி. தனியாக ஒரு அம்மாள் நடத்துகிறாள், என் வயதுதான், முட்டிவலி. இங்கே நான் ஒரு காரியம் செய்துவிட்டேன், கேட்டால் சிரிப்பீர்கள்.

என் கட்டில் இரும்பு. விரிப்பில் ஒரு ஓரமாகத் துருக்கறை. ஒரு நாள் சும்மா இருந்தேன். மறுநாள் முடியவில்லை. சமையலறையில் எலுமிச்சம்பழமும் உப்பும் வாங்கி, கறையில் தேய்த்து, கொல்லையில் வெயிலில் போட்டேன். கறை இருந்த இடம் தெரியவில்லை. பெருமையாகக் கொடியில் காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தால், அந்த அம்மாள் முகம் செத்துப் போய் நிற்கிறாள். அவள் வீட்டு விரிப்பு அழுக்கு என்று நான் குத்திக் காட்டியதாக நினைத்துவிட்டாள். அலமாரியைத் திறந்து ஒவ்வொரு விரிப்பாக எடுத்து விரித்து, பார், பார், சுத்தம் என்று காட்டுகிறாள். கண்ணில் தண்ணீர். எனக்கு உயிரே போய்விட்டது. என் விரல்களை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். உரிந்த தோலைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். விடுமுறைக்கு வந்தும் வெளுக்கிறாயே என்று அவளுடைய அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டாள். எனக்கும் ஆங்கிலம் அரைகுறைதான், அதனால் பொருத்தமாக இருக்கிறது.

அன்றிலிருந்து சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து விரிப்பு மடிக்கிறோம். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மடித்து, நடந்து வந்து சேர்த்து, அதே மாதிரிதான். ஆனால் அவள் கிட்டே வந்ததும் முனையைக் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்து ஏதாவது சொல்கிறாள். நாம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்திருப்போம். முனையை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவோம். நீங்கள் என் முகத்தைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. நானும் பார்த்ததில்லை, விளிம்பு நேராக இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

நேற்று அவள் கேட்டாள், உன் வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று. துணியைத் தொட்டே ஈரம் சொல்வார் என்றேன். மெஷினில் காதை வைத்தே எங்கே பழுது என்று சொல்வார் என்றேன். "அது வேலை. ஆள் எப்படி?" என்றாள். இத்தனை வருஷம் கூடவே இருந்த ஆளைப் பற்றி எனக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. அதை நினைத்தால் அழுகை வருகிறது, கோபமும் வருகிறது. நீங்கள்தான் சொல்லுங்களேன். நீங்கள் எப்படிப்பட்டவர்?

ஜூன் 28

உனக்கு,

இதை டிரைவரிடம் சொல்லி எழுத முடியாது. இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறினது மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

டிரையர் அன்று சாயங்காலமே ஓடிவிட்டது. பெல்ட் கழன்றிருந்தது, அவ்வளவுதான். மறுநாள் விமானத்தில் இடம் இருக்கிறது என்று ஏஜெண்ட் போன் செய்தார். நான்தான் வேண்டாம் என்றேன்.

டிரையர் நின்றுபோனது என்று ஆள் ஓடி வந்தபோது எனக்கு வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது. ஒரு மாதம், நீயும் நானும் மட்டும். மெஷின் கிடையாது. உன்னிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. மகள் வீட்டில் இருந்தவரை அவளைப் பற்றிப் பேசினோம். அப்புறம் துணியைப் பற்றி. அது இல்லையென்றால் நீ என்னைப் பார்ப்பாய், நான் உன்னைப் பார்ப்பேன், இவ்வளவுதானா இந்த ஆள் என்று நீ நினைப்பாய். அந்தப் பயம்.

ஆஸ்பத்திரி ஒப்பந்தமும் அதற்காகத்தான். மதியத்தோடு பூட்டிவிட்டால் சாயங்காலம் ரொம்ப நீளம்.

மேலாளர் நேற்று மை டப்பா கொண்டு வந்தார். கையெழுத்து முடியாவிட்டால் இடது கட்டைவிரல் போதுமாம். முதலாளியம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம்தான் கடைசிக் கெடுவாம். நீ சொல்வதுதான். காரணம் தெரிந்துகொண்டு சொல்.

எப்படிப்பட்டவர் என்று கேட்டாய். இப்படிப்பட்டவர்.

கை வலிக்கிறது. இடது கை.

ஜூலை 3

உங்களுக்கு,

கடைசி ஊரில் இருக்கிறேன். எந்தச் சந்தில் திரும்பினாலும் முடிவில் கடல் நிற்கிறது. கடிதத்தைக் கடலோரச் சுவரில் உட்கார்ந்து படித்தேன். உங்கள் இடது கை எழுத்தைக் கூட்டிப் படிப்பதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது.

முதலில் கோபம் பொங்கியது. இல்லாத பெல்ட்டுக்கு என்னை வழி பார்க்க வைத்தீர்களே. முகம் தெரியாத ஊரில் தனியாகச் சாப்பிட்டு, தனியாகப் படுத்து, பேருந்துக்குத் தனியாக நின்றேனே. எழுந்து கடற்கரை முழுக்க நடந்தேன். ஒரு கிழட்டு நாய் கூடவே வந்தது, அதையும் திட்டினேன்.

பிறகு உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் ஒன்றை நான் உங்களிடம் சொல்லவில்லை. விமானத்தில் என் பக்கத்து இருக்கை காலி. கதவைச் சாத்தினார்கள். நீங்கள் இனிமேல் ஓடி வந்து ஏறப்போவதில்லை என்று நிச்சயமானதும் எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. அப்பாடா என்று இருந்தது. கையை இருக்கையின் மேல் நீட்டி வைத்துக்கொண்டேன். கோபத்தை அப்புறம் நானாகத்தான் தேடி எடுத்து வைத்துக்கொண்டேன், அது இருந்தால் உங்களுக்கு எழுதவாவது ஏதாவது கிடைக்கும் என்று. நீங்கள் பயந்த அதே பயம்தான் எனக்கும். உங்களுக்கு மட்டும்தான் அது இருக்கிறது என்று நினைத்து வெட்கப்பட வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்காரரிடம் முடியாது என்று சொல்லிவிடுங்கள். மை டப்பாவைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஹோட்டல் துணியை இரண்டு வாரத்துக்குப் பக்கத்துத் தெரு லாண்டரிக்குக் கொடுங்கள். அவர்கள் மஞ்சளடிக்க விட்டாலும் விடட்டும். டிரைவருக்குத் தெரியும், அவர் பார்த்துக்கொள்வார். நான் திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுவிட்டேன். நீங்கள் இங்கே வாருங்கள்.

அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று இனி மிரட்டப்போவதில்லை. நீங்கள் வராவிட்டால் நானே வந்துவிடுவேன். வந்து மெஷின் முன்னால் நிற்பேன். நம்மில் ஒருவர் போய்ச் சேரும் வரை துணியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். அவ்வளவுதான் நடக்கும், வேறு பெரிய ஆபத்து எதுவும் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

வந்தால் முதல் நாள் தடுமாறுவோம். சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பாவை நீங்கள் என் பக்கம் தள்ளுவீர்கள், நான் உங்கள் பக்கம் தள்ளுவேன். இரண்டாம் நாள் இந்த விடுதித் துண்டைத் தடவிப் பார்த்துவிட்டு ஏதாவது சொல்வீர்கள், நானும் விடாமல் பதில் சொல்வேன். மூன்றாம் நாள் என்ன பேசுவோம் என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் கூப்பிடுகிறேன்.

இந்த ஊருக்கு ஒரே ஒரு பேருந்துதான், மதியம் வரும். நிறுத்தத்தில் நிழல் கிடையாது. கடிதம் உங்கள் கைக்குக் கிடைத்திருக்கும் என்று தோன்றும் நாளிலிருந்து தினமும் போய் நிற்பேன்.